ஓடி முடித்தவர்கள் பேசத் தொடங்கியபோது

கேள்வி இது: "என் மகள் 800 மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவு வரை போனவள். இந்த வருடம் கல்லூரி முடிகிறது. பெண்களின் விளையாட்டைப் பற்றி பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்கிறாள். விளையாட்டிலிருந்து வந்த பெண்கள் யாராவது இதில் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்களா? இதைத் தொழிலாக நம்பலாமா?"

செய்திருக்கிறார்கள். உங்கள் மகள் ஓடிய அதே 800 மீட்டரிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. தொழிலாக நம்பலாமா என்பதற்குப் பணக் கணக்கு போட வேண்டும், அதைப் பிறகு போடுகிறேன். முதலில் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஏன் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் உங்கள் மகள் எதைத் தொட நினைக்கிறாள் என்பது பிடிபடும்.

நான் பதினாறு வருடமாக ஆடியோ எடிட்டிங் செய்கிறேன். வானொலியில் ஆரம்பித்தேன், இப்போது பெரும்பாலும் பாட்காஸ்ட். கல்லூரி நாட்களில் நானும் 5000 மீட்டர் ஓடியவள். அதனால் ஓட்டத்தில் இருந்த பெண்கள் நடத்தும் நிகழ்ச்சி எது வந்தாலும் தேடிக் கேட்டுவிடுவேன். அப்படிக் கேட்டதில் எனக்கு மிகவும் நெருக்கமானது இரண்டு அமெரிக்கப் பெண்கள் நடத்துவது. காரா கவுச்சர், டெஸ் லிண்டன். இருவருமே நெடுந்தூர ஓட்டக்காரர்கள், ஒலிம்பிக் வரை போனவர்கள். 2023இல் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். பெயர் 'நோபடி ஆஸ்க்ட் அஸ்'. 'எங்களை யாரும் கேட்கவில்லை' என்று பொருள். அந்தப் பெயருக்குள்ளேயே பாதிக் கதை இருக்கிறது.

இவர்கள் இருவரும் முன்பு ஒருவரை ஒருவர் முந்த ஓடியவர்கள். 2011 பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் கரோலின் கிலெல் முதலிடம், டெஸ் இரண்டாமிடம். இடைவெளி வெறும் 2 நொடி. 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு 2 நொடியில் தோற்பது எப்படி இருக்கும் என்று ஓடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அதே பந்தயத்தில் காரா ஐந்தாவதாக வந்தார். அவர் குழந்தை பெற்று அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஜனவரியில் ஹூஸ்டனில் லண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிப் பந்தயம். முதல் மூன்று பேருக்குத்தான் இடம். ஷலேன் ஃபிளானகன், டெஸ், காரா என்று மூவரும் அணிக்குள் வந்தார்கள். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரியோவுக்கான தகுதிப் பந்தயம். டெஸ் இரண்டாவது. காரா நான்காவது. நான்காவது என்றால் வீட்டிலிருந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

இப்படி எதிரெதிராக நின்ற இருவர் வாரா வாரம் உட்கார்ந்து, அந்த வார ஓட்டப் பந்தயங்கள், ஊக்கமருந்துத் தடைகள், ஷூ கம்பெனிகள், சங்கத்தின் முடிவுகள் என்று எதையும் விடாமல் பேசுகிறார்கள். கேட்டால் ஒரு விஷயம் உடனே காதில் படும். இவர்கள் யாரிடமும் அனுமதி வாங்கிப் பேசவில்லை. அந்தச் சுதந்திரம் இவர்களுக்கு எவ்வளவு புதியது என்பது, ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தெரியும்.

தடகளத்தில் மாதச் சம்பளம் கிடையாது. கால்பந்து, கிரிக்கெட் மாதிரி கிளப் கிடையாது. அமெரிக்காவில் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரருக்கு வருமானத்தில் பெரும்பகுதி ஷூ கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து வரும். ஒப்பந்தத்தில் அவர் ஊழியர் கிடையாது, தனி ஒப்பந்தக்காரர். ஆகவே மகப்பேறு விடுப்பு, மருத்துவ விடுப்பு என்று எதுவும் தானாக வராது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஓடவில்லை என்றாலோ, இடம் சரிந்தாலோ பணத்தைக் குறைக்கலாம் என்று பிரிவுகள் இருக்கும். கூடவே, ஒப்பந்தத்தில் உள்ளதை வெளியே சொல்லக்கூடாது என்றும் இருக்கும். சோறு போடும் கையிலேயே வாய்ப்பூட்டுச் சாவியும் இருந்தது.

காராவின் கதையில் இது முழுதாகத் தெரியும். மினசோட்டாவில் டுலூத் என்ற ஊரில் வளர்ந்தவர். 2004இல் நைக்கி கம்பெனியின் ஓரிகன் பிராஜெக்ட் என்ற பயிற்சிக் குழுவில் கணவர் ஆடமுடன் சேர்ந்தார். பயிற்சியாளர் ஆல்பெர்ட்டோ சலசார், நியூயார்க் மாரத்தானை மூன்று முறை வென்றவர். 2007இல் ஒசாகா உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் காராவுக்கு வெண்கலம். அடுத்த வருடம் நியூயார்க் மாரத்தானில் மூன்றாமிடம், 2009இல் பாஸ்டனில் மூன்றாமிடம். கம்பெனியின் விளம்பரங்களில் அவர் முகம்.

2010 செப்டம்பரில் மகன் பிறந்தான். கர்ப்பமாக இருந்தபோதுதான் அவருக்குத் தெரிய வருகிறது, மறுபடி பந்தயத்தில் ஓடும் வரை பணம் வராது என்று. குழந்தை பிறந்து மூன்று மாதம் கடந்ததும் ஒரு அரை மாரத்தானில் ஓட ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு 120 மைல் பயிற்சி. கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். பச்சைக் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே. அந்தச் சமயத்தில் குழந்தைக்கு உடம்பு மிகவும் முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அவனை அங்கே விட்டுவிட்டு இவர் ஓடப் போனார். அந்த நிலையில் வேறு எந்தத் தாயும் போயிருக்கமாட்டாள் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அதற்காகத் தன்னையே மன்னிக்க முடியாது என்று பிறகு சொன்னார். எப்போது சொன்னார் என்பதைக் கவனியுங்கள்: 2019 மே மாதம். நடந்து எட்டு வருடம் கழித்து.

அந்த மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸில் முதலில் பேசியவர் அலீஷியா மொன்டான்யோ. உங்கள் மகளின் பந்தயமான 800 மீட்டரில் அமெரிக்க சாம்பியன். 2014இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினவர் இவர்தான். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தப் பார்த்தார்கள் என்பதை அவர் வெளியே சொல்ல இன்னும் ஐந்து வருடம் ஆனது. அதே மாதம் அலிசன் ஃபீலிக்ஸும் எழுதினார். குறுந்தூர ஓட்டக்காரர், அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்தவர். 32 வாரத்தில் அவசர அறுவை சிகிச்சையில் மகள் பிறந்தாள். நைக்கியுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் முன்பு தந்ததைவிட 70 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் சரியாக ஓடாவிட்டால் தண்டிக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். தரவில்லை.

மூன்று பேரும் பேசி மூன்று மாதத்தில், 2019 ஆகஸ்டில், நைக்கி தன் ஒப்பந்த விதியை மாற்றியது. கர்ப்பத்தை ஒட்டி 18 மாதம் பணத்தைக் குறைக்கமாட்டோம் என்று. பல வருடம் வாய் திறக்காமல் இருந்தபோது நகராத விஷயம், பேசிய மூன்று மாதத்தில் நகர்ந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பெண்கள் நடத்தும் விளையாட்டு பாட்காஸ்டுகள் அதற்குப் பிறகு இத்தனை வந்ததற்கு இந்த 2019க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. பேசினால் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

காராவின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அவர் மைக்கை எப்படிப் பிடிக்கிறார் என்பது புரியாது. ஓரிகன் பிராஜெக்டில் மருந்து விஷயத்தில் நடப்பவை சரியில்லை என்று அவரும் கணவரும் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் போய்ச் சாட்சி சொன்னார்கள். 2015இல் பிபிசியும் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனமும் நடத்திய விசாரணையில் வெளிப்படையாகவும் பேசினார்கள். 2019 செப்டம்பர் 30 அன்று சலசாருக்கு நான்கு வருடத் தடை வந்தது. 2021இல் வேறொரு அமைப்பு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு வீராங்கனையின் பாலியல் புகார் இருந்தது. அது யார் என்று அப்போது வெளியே வரவில்லை. 2023இல் தன் சுயசரிதையில் அது நான்தான் என்று காரா எழுதினார். சலசார் அந்தக் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறார்.

அதே 2023இல்தான் டெஸ்ஸுடன் பாட்காஸ்ட். இதற்கு முன்பே ஊக்கமருந்தில்லாத விளையாட்டுக்காக நடந்த 'கிளீன் ஸ்போர்ட் கலெக்டிவ்' என்ற பாட்காஸ்டில் அவர் பேசிப் பழகியவர். தொலைக்காட்சி வர்ணனையும் செய்கிறார், பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் என்பிசிக்காகத் தடகளம் பேசியது அவர் குரல்தான். போட்டிக்காக ஓடுவது பின்னால் நின்றுவிட்டது. ஓடும்போது கால் தன் கட்டுப்பாட்டை இழக்கும் ஒரு வகை நரம்பு நோய், டிஸ்டோனியா, அவருக்கு வந்தது. கால் நின்றது, குரல் நிற்கவில்லை.

இப்போது டெஸ்ஸைப் பற்றி. ஒரே ஒரு நாளைச் சொன்னால் போதும். 2018 ஏப்ரல் 16, பாஸ்டன். தொடங்கும்போது வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் அளவு. கொட்டும் மழை, எதிர்க்காற்று. பந்தயத்தின் தொடக்கத்திலேயே டெஸ்ஸுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. இன்றைக்கு முடிக்கமாட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தவர், பக்கத்தில் ஓடிய ஷலேன் ஃபிளானகனிடம், உனக்குக் காற்றை மறைக்க, வேறு ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல் என்றார். கொஞ்ச நேரத்தில் ஷலேன் கழிவறைக்கு ஓடினார். 13 நொடி சொச்சம். முன்னால் போன கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. டெஸ் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார், ஷலேன் வந்ததும் காற்றைத் தான் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அப்புறம் பின்தங்கிய இன்னொரு அமெரிக்கரான மாலி ஹடிலுக்கும் அதையே செய்யப் போனார். அந்த முயற்சியிலேயே தான் முன்னணிக்கு வந்துவிட்டதைக் கண்டார். கடைசிக் கிலோமீட்டர்களில் அவர் முன்னால் யாரும் இல்லை. 2 மணி 39 நிமிடம் 54 நொடி. 33 வருடத்துக்குப் பிறகு பாஸ்டனை வென்ற அமெரிக்கப் பெண். நான்கு நிமிடத்துக்கு மேல் பிந்தி இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் முழுநேர நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிவி ஒளிபரப்பில் இந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒருவர் நின்றார், ஒருவர் கழிவறைக்குப் போனார் என்பது மட்டும் தெரிந்தது. அந்த இருவருக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது, ஏன் நின்றார், நிற்கும்போது மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் ஓடியவர்களே வாய் திறந்து நிதானமாகச் சொன்னால்தான் வெளியே வரும். பந்தயம் முடிந்தவுடன் மைக்கை முகத்தில் நீட்டி, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கும் அரை நிமிடத்தில் அது வராது. ஒரு மணி நேரம் பேசவிட்டால் வரும். பாட்காஸ்டின் பலம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அதுவும் பெண்களுக்கு அந்த அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்திகளை 1989லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளந்துவரும் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இருக்கிறது. 2019ஆம் வருடத்துக்கான கணக்கில் பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்தது ஒளிபரப்பு நேரத்தில் 5.4 சதவீதம். 1989இல் 5 சதவீதம். முப்பது வருடத்தில் நகர்ந்த தூரம் அவ்வளவுதான். 2019 பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த வருடம், அதைக் கழித்துவிட்டால் 3.5 சதவீதம். கதவு திறக்கும் வரை வாசலில் நின்றுகொண்டிருக்காமல் தனிவீடு கட்டிக்கொள்வது என்று சிலர் முடிவு செய்தார்கள். 2017இல் ஐந்து பெண் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய 'பர்ன் இட் ஆல் டவுன்' அப்படி ஒன்று. அலீஷியா மொன்டான்யோ, மாலி ஹடில், அயர்லாந்தின் ரோஷீன் மெக்கெட்டிகன் மூவரும் நடத்திய 'கீப்பிங் டிராக்' இன்னொன்று.

இந்த 'கீப்பிங் டிராக்' பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம். மூன்று பேரின் பதக்கக் கதையையும் பாருங்கள். அலீஷியா 2011, 2013 உலகப் போட்டிகளில் 800 மீட்டரில் நான்காவதாக வந்தவர். ரஷ்யாவின் மரியா சவினோவா ஊக்கமருந்தில் பிடிபட்டுத் தகுதியிழந்ததும் இரண்டு வெண்கலமும் இவருக்கு வந்தன. கையில் வாங்கியது 2019 தோஹாவில். ரோஷீன் 2009 ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 1500 மீட்டரில் நான்காவது. வென்றவர் தகுதியிழந்ததால் ஐந்து வருடம் கழித்து வெண்கலம் ஆனது. காராவின் ஒசாகா வெண்கலமும் பத்து வருடம் கழித்து வெள்ளியானது. முன்னால் ஓடிய துருக்கி வீராங்கனை மருந்து எடுத்தது மறுபரிசோதனையில் தெரிந்தது. மாலி ஹடிலுக்கு நடந்தது வேறு மாதிரி. 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் மூன்றாமிடம் உறுதி என்று கடைசி எட்டில் கையைத் தூக்கினார். பின்னாலிருந்து வந்த அவர் நாட்டு எமிலி இன்ஃபெல்ட் அந்த நொடியில் உள்ளே நுழைந்து வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்.

மேடையில் ஏறி நின்று, கொடி ஏறுவதைப் பார்த்து, அம்மாவைத் தேடிக் கையசைத்திருக்க வேண்டிய நேரம் காராவைத் தவிர இவர்களுக்கெல்லாம் நழுவிப் போனது. பதக்கம் பின்னால் வரும், ஸ்பான்சர் பின்னால் வரமாட்டான். நான்காவதாக வந்தவளுக்கு அந்த வருட ஒப்பந்தத்தில் போனஸ் கிடையாது. இவர்கள் ஊக்கமருந்தைப் பற்றிப் பேசும்போது ஏன் அவ்வளவு துல்லியமாகப் பேசுகிறார்கள் என்றால், ஒவ்வொரு நொடிக்கும் என்ன விலை என்று இவர்களுக்குத் தெரியும்.

சரி, பணம்.

உலகத்திலேயே பாட்காஸ்டில் அதிகம் சம்பாதிக்கும் பெண்களில் ஒருவரான அலெக்ஸ் கூப்பர் விளையாட்டிலிருந்துதான் வந்தவர். பாஸ்டன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடினார். 2021இல் ஸ்பாட்டிஃபை 60 மில்லியன் டாலர், 2024இல் சிரியஸ்எக்ஸ்எம் 125 மில்லியன் டாலர் வரை என்று அவருடைய ஒப்பந்தங்களைப் பற்றிச் செய்தி வந்தது. ஆனால் அவர் நிகழ்ச்சி விளையாட்டைப் பற்றியது கிடையாது. கல்லூரி அணியில் பயிற்சியாளரால் தனக்கு நேர்ந்ததாக அவர் சொல்லும் தொல்லையைப் பொதுவெளியில் வைக்க அவருக்கே 2025 வரை ஆனது. அவ்வளவு பெரிய மைக் கையில் இருந்தும். கூடைப்பந்தில் சூ பேர்டும் கால்பந்தில் மேகன் ரப்பினோவும் சேர்ந்து நடத்தும் 'எ டச் மோர்' இன்னொரு வெற்றி. இரண்டு பேருக்கும் உலகம் அறிந்த பெயர் முன்பே இருந்தது. உங்கள் மகளுக்கு இவை அளவுகோல் ஆகாது.

அளவுகோல் இது. விளம்பரதாரர் பெரும்பாலும் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார். ஆங்கில நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய 20 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எபிசோடை 5,000 பேர் கேட்டால், ஒரு விளம்பரத்துக்கு 100 டாலர். வாரம் ஒரு எபிசோட், இரண்டு விளம்பரம் என்றால் மாதம் 800 டாலர். அதில் எடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். 5,000 பேர் என்பது சின்ன எண்ணிக்கை கிடையாது, அங்கே சேரவே வருடங்கள் ஆகும். தமிழில் விளம்பர விலை இதைவிட மிகவும் குறைவு. ஆகவே பாட்காஸ்டை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காராவுக்கு டிவி வர்ணனையும் புத்தகமும் இருந்தன. டெஸ் தொடங்கியபோது இன்னும் தொழில்முறையாக ஓடிக்கொண்டிருந்தார், 2025 பாஸ்டனோடுதான் தொழில்முறை மாரத்தானிலிருந்து விலகினார்.

ஆனால் பெயர் பெற்ற வீராங்கனையாக இல்லாமலே இதில் வாழ்க்கை அமைத்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார், அவரையும் பார்த்துவிடுங்கள். அலி ஃபெல்லர். நடனப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர், பொழுதுபோக்காக ஓடியவர். ஓடுவதைப் பற்றி எழுதினார், அப்புறம் 'அலி ஆன் தி ரன்' என்று பேசத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான எபிசோட். அவர் உண்மையாகச் சம்பாதித்தது கேட்பவர்களின் நம்பிக்கையை. அது பந்தயங்களில் அறிவிப்பாளர் வேலைக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் வழி திறந்தது. க்ரோன்ஸ் எனும் குடல் நோயோடு ஓடுவதைப் பற்றி ஒளிக்காமல் பேசினவர், 2023இல் மார்பகப் புற்றுநோய் வந்தபோது அதையும் பேசினார். உங்கள் மகளுக்குக் காராவைவிட இவர் வழிதான் கிட்டத்தில் இருக்கிறது: பாட்காஸ்ட் தானே சம்பளம் தராது, சம்பளம் தரும் வேலைகளுக்கு அழைத்துப் போகும். வர்ணனை, விளையாட்டுச் செய்தி, நிகழ்ச்சித் தொகுப்பு, அணிகளின் ஊடகப் பிரிவு இப்படி.

இதுவரை அமெரிக்கா. நம் ஊர்ப் பக்கம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாந்தி சவுந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அப்புறம் பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தியை நாடே பேசியது, டிவியும் பத்திரிகையும் பேசின. யாருடைய உடம்பைப் பற்றிப் பேச்சோ, அவர் பேச ஒரு இடம் அன்றைக்கு இல்லை. பின்னாளில் அவரே செங்கல் சூளையில் வேலை செய்ய வேண்டி வந்தது, அப்புறம்தான் தமிழக அரசின் விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். 2024இல் அமெரிக்காவின் என்பிஆர் வானொலியும் கனடாவின் சிபிசி ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 'டெஸ்டட்' என்று ஒரு பாட்காஸ்ட் தொடர் வெளியிட்டன. நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா, கென்யாவின் மாக்ஸிமிலா இமாலி என்று, இதே மாதிரிப் பரிசோதனையில் சிக்கிய ஓட்டக்காரப் பெண்கள் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். ஆறு பகுதியையும் ஒரே நாளில் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் சாந்திக்கு 2006இல் இப்படி ஒரு மைக் கிடைத்திருந்தால் என்றே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் 800 மீட்டர்காரி என்பதால் இதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

என் வேலையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், பெயர் ஊர் வேண்டாம். சில வருடம் முன்பு, ஓய்வுபெற்ற ஒரு தடை ஓட்டக்காரரின் பேட்டி எடிட்டுக்கு வந்தது. நாற்பது நிமிடமும் நன்றி மயம். பயிற்சியாளருக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றி, வேலை கொடுத்தவர்களுக்கு நன்றி. பேட்டி எடுத்தவர் "அவ்வளவுதான்க்கா, முடிஞ்சது" என்று சொல்கிறார். நாற்காலி நகரும் சத்தம். ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்மணி பேசுகிறார். ஒரு வருடம் கணைக்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், விரிசலோடு ஓடினேன், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை உறுதியாகவில்லை, ஓடமாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும், தரையில் கால் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன் என்று. குரலே மாறிவிட்டது. அந்த நாற்பது நிமிடத்தில் வராத ஆள் இந்த நாலு நிமிடத்தில் வந்தார். போன் செய்து கேட்டேன், இதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று. "வேணாம்மா, பென்ஷன் வாங்குற இடம்" என்றார். வெட்டிவிட்டேன். அந்த நாலு நிமிடக் கோப்பை அழித்தும்விட்டேன், அவர் கேட்டபடி.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது இது. முதலில் வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும், பாட்காஸ்ட் கூடவே நடக்கட்டும். தன் வேலை எந்தச் சங்கத்தையும், எந்த ஸ்பான்சரையும் நம்பி இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும். மாதத்துக்கு இரண்டு எபிசோட் போதும், ஆனால் சொன்ன தேதியில் வர வேண்டும். விருந்தினரைத் தேடிப் பெரிய பெயர்களிடம் போக வேண்டாம். அவளோடு ஓடிய பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருத்தி போலீஸில் இருப்பாள், ஒருத்தி பிடி டீச்சர், ஒருத்தி கல்யாணத்தோடு ஷூவைப் பரணில் போட்டிருப்பாள். அவர்களிடம் போகட்டும். மாதவிடாய் நாளில் வெள்ளை ஷார்ட்ஸ் போட்டு ஓடியது, விடுதிச் சாப்பாடு, போட்டிக்குப் போக ரயிலில் டிக்கெட் உறுதியாகாமல் இரவெல்லாம் கீழே உட்கார்ந்து போனது, இதையெல்லாம் யாரும் அவர்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள். தமிழில் அஷ்வின் யூடியூபில் ஆட்டத்தை அலசும்போது எவ்வளவு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். விளையாடியவர் தன் மொழியில், தான் கண்டதைப் பேசினால் கேட்க ஆள் இருக்கிறது.

ஒரு விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேசியவர் வேண்டாம் என்று சொன்ன பகுதி வெளியே போகக்கூடாது, எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும். வெளியிடுவதற்கு முன்பு ஒருமுறை அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். வேலை, குடும்பம், பென்ஷன் என்று அவர்களுக்கு என்னென்ன கயிறு கட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மைக்குக்கு இப்போதே பணம் போட வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் வரும் காலர் மைக் இரண்டு போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி அடங்கிவிடும். இருவரும் இரண்டு ஊரில் இருந்தால், ஆளுக்கு ஒரு போனில் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்க்க வேண்டும், அழைப்பில் வரும் குரலைப் பதிவு செய்தால் தகரம் மாதிரி ஒலிக்கும். பதிவு முடிந்தது என்று சொன்ன பிறகு உண்மையாகவே நிறுத்திவிட்டோமா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் எபிசோடின் கோப்பை எனக்கு அனுப்பட்டும், எடிட் செய்து தருகிறேன். மூச்சு வாங்கும் சத்தத்தை மட்டும் வெட்டமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஓடியவள் பேசும்போது அது கேட்க வேண்டும்.